சிபாரிசுக்கும் சாதி உண்டு

தமிழ்நாட்டின் பல ஊர்களில் பேருந்து நிலையத்தைச் சுற்றி நடந்தால் ஐயர் மெஸ், கவுண்டர் மெஸ், ரெட்டியார் மெஸ், முதலியார் கடை என்று பலகைகள் கண்ணில் படும். அந்தச் சாதிப் பெயர் உரிமையாளருக்கு இலவச விளம்பரம். சுத்தம், ருசி, நம்பிக்கை எல்லாவற்றையும் அந்தப் பெயரே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுகிறது. அதே தெருவில் பட்டியல் சாதி ஒன்றின் பெயரைப் பலகையில் எழுதி ஒரு மெஸ் திறந்தால் மதியம் எத்தனை இலை விழும்?

புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்குச் சொல்லப்படும் முதல் பாடம், பழைய வாடிக்கையாளரின் சிபாரிசைப் போல மலிவான விளம்பரம் வேறில்லை என்பதுதான். சமையல் காண்ட்ராக்ட் போன்ற தொழிலில் சிபாரிசுதான் எல்லாம். ஆனால் அது கல்யாணப் பந்தியில், கோயில் கமிட்டியில், சாதிச் சங்க மண்டபத்தில், சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் பரவுகிறது. சொந்தச் சாதிக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுக்கும் சமூகத்தில் இந்த இடங்களும் சாதிக்குள்ளேயே இருக்கின்றன. சிபாரிசும் அந்த வேலியைத் தாண்டுவதில்லை.

பட்டியல் சமூகத்தினர் நடத்தும் சிறுதொழில்கள் பற்றி ஆய்வு செய்துவருகிறேன். கேட்டரிங் நடத்தும் அண்ணன் ஒருவர் சொன்னார்: "போன்லயே விலை பேசி முடிச்சிடுவாங்க தம்பி. அப்புறம் எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேப்பாங்க. வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றோம்னு வெச்சிடுவாங்க. அதோட சரி." யாரும் அவரைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. போன் வருவதில்லை, அவ்வளவுதான்.

இதற்கு எந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது? பொருளாதாரப் புறக்கணிப்பை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் குற்றமாக்கியிருக்கிறது. ஆனால் காரணம் சொல்லாமல் ஒவ்வொரு வீடும் தனித்தனியாக ஒதுங்கும்போது எதை வைத்து நிரூபிப்பது? அரசியலமைப்பின் 15(2) பிரிவு கடைக்குள்ளும் உணவகத்துக்குள்ளும் நுழையும் உரிமையை நமக்குத் தந்தது. நம் கடைக்குள் மற்றவர்களை வரவைக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் முதலீட்டில் 35 விழுக்காடு மானியம் தருகிறது. தேவையான திட்டம்தான். அடுப்பும் அண்டாவும் வாங்கிவிடலாம். ஆர்டருக்கு மானியம் இல்லை.

தரமாகச் செய்தால் வாடிக்கையாளர் தானாக வருவார் என்பார்கள். ஒரு முறையாவது சாப்பிட்டால்தானே தரம் தெரியும்? 1923-இல் பம்பாயில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கிய அம்பேத்கரிடம் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்த படிப்பு இருந்தது. ஆனால் பாரிஸ்டருக்கு வழக்குகளை அனுப்ப வேண்டிய சொலிசிட்டர்கள், அவர் தீண்டப்படாதவர் என்பதால் ஒதுங்கிக்கொண்டார்கள். அந்தத் தொழிலிலும் சிபாரிசு இருந்தது. அதற்கும் சாதி இருந்தது.

இந்த வேலியை உடைக்கும் வழியைக் கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் செய்து காட்டியிருக்கிறார். அரண்மனை ஊழியரான கங்காராம் காம்ப்ளே தண்ணீர்த் தொட்டியைத் தொட்டதற்காக அடிக்கப்பட்டார். அவர் சொந்தமாகத் தேநீர்க் கடை வைக்க சாகு பணம் கொடுத்தார். தலித் கடை என்பதால் ஆதிக்கச் சாதியினர் வரவில்லை. சாகு அத்தோடு விடவில்லை. வண்டியை அந்தக் கடை வாசலில் நிறுத்தித் தேநீர் குடித்தார், உடன் வந்த அதிகாரிகளையும் குடிக்க வைத்தார். முதலீட்டோடு வாடிக்கையாளரும் தேவை என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

தோழர்களே, ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் படத்தை ஸ்டேட்டஸில் வைக்கிறோம். வீட்டில் வளைகாப்போ புதுமனை புகுவிழாவோ வந்தால் சமையல் யார், போட்டோ யார், பந்தல் யார் என்ற முடிவைப் பெரியப்பாவிடம் விட்டுவிடுகிறோம். அவர் 'நம்ம ஆளு' ஒருவரைக் கூப்பிடுகிறார். சாப்பாடு நன்றாக இருந்தது என்று நாமும் நாலு பேருக்கு அதே நம்பரை அனுப்புகிறோம்.

யாருக்கும் தருமம் செய்யச் சொல்லவில்லை. ருசி பாருங்கள், விலை பேசுங்கள், பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மற்ற எல்லாருக்கும் தரும் அந்த முதல் வாய்ப்பைத் தலித் தொழில்முனைவோருக்கும் தாருங்கள். வேலை பிடித்திருந்தால் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில், அலுவலகத்தில், சொந்தக்காரர்களிடம் அவர் நம்பரைக் கொடுங்கள். அடுத்த விசேஷத்துக்குச் சமையல் யார் என்று பெரியவர்கள் கூடிப் பேசும்போது நீங்களும் அங்கே உட்காருங்கள். சாதி அங்கேதான் முன்பணம் கொடுக்கிறது.