நத்தையை எண்ணச் சம்பளமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் வீட்டுக் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். சர்க்கார் நிதி இலாகாவில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பரம யோக்கியர். பொதுப்பணத்தில் ஒரு காசு வீணாகிறது என்று தெரிந்தால் அன்று இரவு அவருக்குத் தூக்கம் வராது. எந்தத் தேசத்திலோ சில விஞ்ஞானிகள், கடற்கரைப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஜந்துக்களைப் பல வருஷங்களாக எண்ணிக்கொண்டே இருக்கிறார்களாம். அதைப் படித்துவிட்டுத்தான் சிரிப்பு.

“ஏனய்யா எழுத்தாளரே, போன வருஷம் எண்ணினான், இந்த வருஷமும் எண்ணினான், அடுத்த வருஷமும் எண்ணப் பணம் கொடு என்கிறான். என்ன கண்டுபிடித்தாய் என்று கேட்டால், இன்னும் கொஞ்சம் எண்ண வேண்டும் என்கிறான். நத்தையை எண்ணுவதற்கு ஒரு மனுஷனுக்குச் சம்பளமா?”

நானும் சேர்ந்து சிரித்தேன். அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுத் திரும்பியபோது, சிரித்தது எனக்கே பிடிக்கவில்லை. அவர் கேட்ட கேள்வி அவர் ஒருவருடையதாக இருந்தால் போகிறது என்று விட்டுவிடலாம். பணப்பெட்டியின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருப்பவர்கள் உலகம் முழுவதும் கேட்கிற கேள்வி அது. அதைக் கேட்டே பல நல்ல காரியங்களுக்குச் சமாதி கட்டியிருக்கிறார்கள். இந்தக் கட்டுரையைப் படித்தால் அவர் கோபித்துக்கொள்வார். இருபது வருஷ சிநேகம், தாங்கும்.

நான் விஞ்ஞானி இல்லை. கல்லூரியில் இரண்டு வருஷம் படித்ததோடு என் விஞ்ஞானம் முடிந்தது. அந்த இரண்டு வருஷத்தில் எங்கள் பௌதிகப் பேராசிரியர், வராந்தாவில் தொங்கிய தெர்மாமீட்டரைத் தினமும் காலையில் பார்த்து நோட்டில் குறிக்கும் வேலையை என்னிடம் ஒப்படைத்தார். பத்து நாள் ஒழுங்காகக் குறித்தேன். பிறகு அலுத்துவிட்டது. மாதக் கடைசியில் மீதி இருபது நாள் கணக்கையும் ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதி முடித்தேன். கற்பனை எனக்கு அந்த வயதிலேயே நன்றாக வரும். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். “பதினெட்டாம் தேதி விடிய விடிய மழை கொட்டிற்றே, உன் தெர்மாமீட்டருக்கு மட்டும் தெரியாதோ?” என்றார். பிறகு அந்த இருபது எண்களையும் ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, “பார்க்காத நாளை இனிமேல் யாராலும் பார்க்க முடியாதப்பா” என்றார். அதட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

இனி நண்பருடைய நத்தைக்கு வருகிறேன்.

கலிபோர்னியாவில் மான்டரே வளைகுடாவின் கரையில் பசிபிக் குரோவ் என்று ஓர் ஊர். ஸ்டைன்பெக்கைப் படித்தவர்களுக்கு அந்தக் கரை பழக்கமானது. சாளை மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலைகள் நிறைந்த பக்கத்துத் தெருவை வைத்துத்தான் 1945-ல் அவருடைய ‘கேனரி ரோ’ நாவல் வந்தது. பசிபிக் குரோவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலைக்கு ஹாப்கின்ஸ் என்ற கடல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1931 முதல் 1933 வரை வில்லிஸ் ஹூவாட் என்ற மாணவர் அங்கே ஒரு வேலை செய்தார். கடல் நீர் இறங்கும் நேரத்தில் பாறைக்குப் போவார். கரையிலிருந்து கடலை நோக்கி ஒரு நேர்கோடு. அதைச் சதுர கெஜங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு சதுரத்திலும் எத்தனை நத்தை, எத்தனை கடல் சாமந்தி, எத்தனை நட்சத்திர மீன் என்று எண்ணி எழுதினார். கோட்டின் அடையாளத்துக்குப் பாறையில் பித்தளை போல்ட்டுகளைப் பதித்தார். உலகம் சூடாகிறது என்ற பேச்சு அவர் காதில் விழுந்திருக்க நியாயமில்லை. எந்த ஜீவன் எங்கே குடியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை, அவ்வளவுதான். என் நண்பர் அன்று அங்கே இருந்திருந்தால் அந்தப் பித்தளைக்கு வவுச்சர் கேட்டிருப்பார்.

அறுபது வருஷம் கழித்து, 1993-ல், அதே நிலையத்தில் சாரா கில்மன், ரஃபேல் சகரின் என்ற இரண்டு இளம் மாணவர்கள் அந்தப் பழைய ஏட்டை எடுத்துக்கொண்டு பாறைக்குப் போனார்கள். ஹூவாட் பதித்த போல்ட்டுகள் அங்கேயே இருந்தன. அதே சதுரங்களில் மறுபடியும் எண்ணினார்கள். அவர்களும் அவர்களுடைய ஆசிரியர்களும் சேர்ந்து 1995-ல் வெளியிட்ட முடிவைப் பாருங்கள். தெற்கே வெப்ப நீரில் வாழ்ந்து பழகிய ஒன்பது இனங்களில் எட்டு பெருகியிருந்தன. வடக்கே குளிர்ந்த நீருக்குரிய எட்டு இனங்களில் ஐந்து குறைந்திருந்தன. குழாய் போல ஓடு கட்டிக்கொண்டு பாறையில் ஒட்டி வாழும் ஒரு தென்திசை நத்தை, ஹூவாட்டின் ஏட்டில் பெயருக்குக்கூட இல்லாதது, இப்போது கூட்டம் கூட்டமாகக் குடியேறியிருந்தது.

‘இரண்டே இரண்டு முறை எண்ணிவிட்டு என்ன பேச்சு? நடுவில் ஆயிரம் நடந்திருக்கலாமே?’ என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். அதற்கும் அங்கே பதில் இருந்தது. 1919 முதல் அந்தக் கரையில் கடல்நீரின் வெப்பத்தைத் தினம் தினம் யாராவது ஒருவர் அளந்து எழுதிவைத்திருந்தார்கள். அறுபது வருஷத்தில் சராசரி முக்கால் டிகிரி ஏறியிருந்தது. கோடைகால உச்சவெப்பம் 1920-களில் இருந்ததைவிட 1980-களில் இரண்டு டிகிரிக்குமேல் கூடியிருந்தது. அந்தத் தெர்மாமீட்டரை என்னிடம் ஒப்படைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

எண்ணாமல் விட்டதற்கும் அதே கரையில் உதாரணம் இருக்கிறது. மான்டரேயின் பிழைப்பே சாளை மீன். 1940-களின் பிற்பாதியில் அந்த மீன் இல்லாமற்போயிற்று. தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஏன் போயிற்று என்று அறிய 1949-ல் மாநில அரசும் மத்திய அரசும் கடல் ஆராய்ச்சிக் கூடமும் கூடி, கலிபோர்னியாக் கரையோரக் கடலில் குறித்த இடங்களுக்குத் திரும்பத் திரும்பக் கப்பல் அனுப்பி நீரையும் மீன் முட்டையையும் மிதவை உயிர்களையும் சேகரிக்க ஆரம்பித்தன. நல்ல காரியம். ஆனால் வருஷா வருஷம் ஒரே கதை என்று யாருக்குத் தோன்றிற்றோ, 1969 முதல் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை போனால் போதும் என்று குறைத்தார்கள். 1975-ல் போனார்கள். அப்புறம் 1978-ல் போனார்கள். பசிபிக் சமுத்திரத்தின் வடபாதி குணம் மாறி, கலிபோர்னியாக் கரை வெப்பமடையத் தொடங்கியது 1976-77-ல்!

நாவல் எழுதுகிறவன் இப்படி ஒரு தற்செயலைக் கதையில் வைத்தால் நீங்களே நம்பமாட்டீர்கள். ஐம்பது வருஷக் கதையின் முக்கியமான அத்தியாயம், கிழித்தெடுத்தாற்போலக் காணோம். எத்தனை மிச்சமாயிற்று என்று நிதி இலாகாக்காரர்கள் கணக்குக் காட்டியிருப்பார்கள். அந்த இரண்டு வருஷத்தை இன்று எத்தனை கோடி டாலர் கொடுத்தாலும் வாங்க முடியாது. 1984 முதல் மறுபடியும் வருஷந்தோறும் கப்பல் போகிறது. அந்தச் சேகரிப்பைக் கொண்டுதான் 1995-ல், தென் கலிபோர்னியாக் கடலின் மிதவை உயிர்களின் மொத்த அளவு 1951-லிருந்து எண்பது சதவீதம் குறைந்துவிட்டது என்று சொன்னார்கள். பிற்பாடு வேறு சிலர் அந்தப் பழைய ஜாடிகளையே திறந்து பார்த்து, குறைந்ததில் பெரும்பங்கு கண்ணாடிபோன்ற ஒருவகை உயிர்கள்தான் என்று கணக்கைத் திருத்தினார்கள். ஜாடி இருந்ததால் திருத்த முடிந்தது.

இங்கிலாந்தில் நடந்தது இதைவிட மோசம். பிளிமத் நகரத்துக் கடல் ஆராய்ச்சி நிலையத்தார், இருபது மைல் தள்ளிக் கடலுக்குள் ஈ-1 என்று பெயரிட்ட ஓர் இடத்தில் 1903 முதல், இடையிடையே விட்டுப்போனாலும், நீரை அளந்து வந்தார்கள். ஆலிஸ்டர் ஹார்டி என்பவர் கண்டுபிடித்த ஒரு பெட்டியை 1931 முதல் வியாபாரக் கப்பல்களின் பின்னால் கட்டி இழுத்து வந்தார்கள். பெட்டிக்குள் நீளமான பட்டுத்துணி மெல்லச் சுருண்டுகொண்டே போகும். கடலில் மிதக்கும் நுண்ணுயிர்கள் அதில் படியும். கரைக்கு வந்ததும் பட்டை விரித்து, என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று எண்ணுவார்கள். கப்பல்காரர்கள் தங்கள் வழியே போகிறபோது செய்கிற உபகாரம் இது. இதைவிடச் சிக்கனமான ஆராய்ச்சியை என் நண்பரே திட்டமிட்டிருக்க முடியாது.

1980-களின் பிற்பகுதியில் ஈ-1 வேலை நின்றது. பட்டுத்துணி வேலையையும் மூடிவிடப் பார்த்தார்கள். வெறும் கண்காணிப்பு, இதில் புதிய விஞ்ஞானம் ஏது என்பது அன்றைய நாகரிகம். பூமி சூடாகிறதா என்று உலகம் முழுவதும் கவலையோடு கேட்க ஆரம்பித்த அதே வருஷங்களில், பதில் இருந்த பெட்டியைப் பூட்ட முனைந்தார்கள்! அந்த வேலையில் ஈடுபட்டிருந்தவர்கள் விடாப்பிடியாக நின்று 1990-ல் ஒரு தர்ம ஸ்தாபனம் ஏற்படுத்திப் பட்டை மட்டும் காப்பாற்றினார்கள்.

காப்பாற்றிய பட்டு என்ன சொல்லிற்று? 2002-ல் வந்த ஆராய்ச்சியின்படி, ஐரோப்பாவை ஒட்டிய அட்லாண்டிக்கில் வெப்ப நீருக்குரிய மிதவை உயிர்கள் நாற்பது வருஷத்தில் சுமார் பத்து டிகிரி அட்சரேகை வடக்கே நகர்ந்திருந்தன. அதாவது ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். வடகடலில் காட் மீனின் குஞ்சுகள் தின்று வளர்வது, அரிசிக் குருணை அளவுள்ள குளிர்நீர் ஜீவன் ஒன்றை. அது அங்கே அருகி, அதன் வெப்பநீர் உறவினன் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தப் புதியவன் பெருகுவதோ குஞ்சுகளின் பசிக்குப் பொருந்தாத பருவத்தில். அளவுமீறிப் பிடித்ததால் ஏற்கெனவே மெலிந்திருந்த மீனுக்கு இது இரண்டாவது அடி. போதாததற்கு, 1960-களிலிருந்து பாதுகாத்து வைத்த பட்டுகளைச் சிலர் வேறு காரியமாக ஆராய்ந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகள் காலப்போக்கில் பெருகியிருந்ததை அவை காட்டின. 2004-ல் அது வெளிவந்தது. 1960-களில் பட்டை விரித்து எண்ணியவர் யாரும் பிளாஸ்டிக்கைத் தேடவில்லை.

இங்கே இன்னொரு கட்சிக்காரர் எழுந்து, ‘கடல் என்றால் ஏறும், இறங்கும், இதற்கெல்லாம் பயப்படலாமா?’ என்பார். வாஸ்தவம். பிளிமத்தில் 1930-களில் ஹெர்ரிங் மீன் ஒழிந்து, நம் சாளைக்கு உறவான பில்ச்சர்ட் பெருகியது. 1970-ஐ ஒட்டிக் குளிர்நீர் ஜீவன்கள் திரும்பி வந்தன. பிறகு மறுபடியும் வெப்பநீருக்குரியவை. இந்த ஊசலாட்டம் இவருக்கு எப்படித் தெரியும்? எண்ணிக்கொண்டிருந்தவர்கள் எழுதிவைத்ததால் தெரியும். ஊசல் எவ்வளவு தூரம் ஆடும் என்று அறிந்தவர்களே, இப்போது ஊசலைத் தாங்கும் கம்பமே நகர்கிறது என்று சொல்கிறார்கள். முதல் பாதியை மட்டும் அவர்களிடம் கடன் வாங்கிக்கொண்டு இரண்டாவது பாதிக்குக் காதைப் பொத்திக்கொள்வது என்ன நியாயம்?

எண்ணுகிற எதுவும் அமிர்தம் என்று நான் சாதிக்கவில்லை. பயனற்ற ஏடுகளும் உண்டு. ஆனால் மூன்று வருஷத்துக்குப் பணம் கொடுத்து, மூன்றாம் வருஷ முடிவில் ‘என்ன கண்டுபிடித்தாய்?’ என்று கேட்கிற வழக்கத்தால் எது பயனற்றது என்று கண்டுபிடிக்க முடியாது. கதைகளில் திருப்பம், முடிவு என்று உங்களைப் பழக்கிவிட்ட எங்களுக்கும் இந்தப் பாவத்தில் பங்கு உண்டு. ‘இந்த வருஷமும் ஏறக்குறைய அப்படியே’ என்று முடிகிற கதையை எந்தப் பத்திரிகை போடும்?

ஆலன் சவுத்வர்ட் என்ற பிளிமத் விஞ்ஞானி 1950-களிலிருந்து தென்மேற்கு இங்கிலாந்தின் பாறைகளில் கொட்டலசுகளை எண்ணி வந்தார். வெப்பத்தை விரும்பும் ஒரு வகை, குளிரை விரும்பும் ஒரு வகை. இரண்டில் எது எவ்வளவு என்பதே கணக்கு. நிலையத்தில் நீண்டகால வேலைகளை நிறுத்தினார்கள். அவரும் ஓய்வு பெற்றார். கடல் நீர் இறங்கும் நேரம் பார்த்து, அவர் மறுபடியும் அதே பாறைகளுக்குப் போய் எண்ணினார். 2001-ல் சர்க்காருக்கும் மற்றவர்களுக்கும் புத்தி வந்து, கரையோர ஜீவன்களைக் கணக்கெடுக்க மீண்டும் பணம் ஒதுக்கியபோது, இளைஞர்கள் நடுவில் அறுபடாத கணக்கு எங்கே கிடைக்கும் என்று தேடி அவரிடம்தான் வந்தார்கள். 2007-ல் அவர் காலமானார். சம்பளம் இல்லாத வருஷங்களின் எண்களும் அந்த ஏட்டில் இருக்கின்றன.