குடும்ப நலம்: உட்கார்ந்திருந்தாலும் உடல் உழைக்கிறது

“உட்கார்ந்த இடத்தில் வேலை செய்பவளுக்கு இவ்வளவு சோறு எதற்கு?” என்னும் பேச்சு நம் இல்லங்களில் எழுவதுண்டு. ஆனைக்குட்டம், சிவகாசி வட்டாரத்தில் பட்டாசுச் சரம் பின்னியும் தீப்பெட்டி ஒட்டியும் பிழைக்கும் பெண்களை எண்ணும்போது, இப்பேச்சு சரிதானா என்று ஆராய்வது நம் கடமையாகிறது.

நாம் அசையாது படுத்திருக்கும்போதும் இதயம் துடிக்கிறது. நுரையீரல் விரிந்து சுருங்குகிறது. மூளை, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவை ஓய்வின்றி இயங்குகின்றன. உடலின் சூடும் காக்கப்படுகிறது. இவற்றுக்குச் செலவாகும் ஆற்றலையே அடிப்படை வளர்சிதை மாற்ற அளவு என்பர். உண்டு 12 மணி நேரம் சென்றபின், விழித்தபடி அமைதியாகப் படுத்திருக்கும் நிலையில் இதனை அளப்பர். உடலுழைப்புக் குறைந்தவர் ஒரு நாளில் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இதற்கே போய்விடுகிறது. உலை கொதிக்காத வேளையிலும் எரிந்துகொண்டிருக்கும் அடுப்பு இது!

இவ்வாராய்ச்சியில் தமிழகத்துக்கும் பங்குண்டு. சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியின் பேராசிரியை எலினார் மேசன், அமெரிக்க அறிஞர் பெனடிக்டுடன் இணைந்து, தென்னிந்தியப் பெண்களின் அடிப்படை அளவை ஆராய்ந்து 1931-இல் வெளியிட்டார். அது மேல்நாட்டு அளவினும் தாழ்ந்திருக்கக் கண்டனர். பிற்காலத்தில் பெங்களூர் புனித யோவான் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்களும், பன்னாட்டுக் கணக்குகள் இந்தியருக்குச் சற்று மிகையாகவே அமைகின்றன என்று காட்டினர். ஆகவே நமக்கென வகுத்த அட்டவணையே நமக்கு ஏற்றது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்த அளவு வருமாறு: 55 கிலோ எடையுள்ள பெண், உட்கார்ந்து செய்யும் வேலையாயின் நாளொன்றுக்கு 1660 கலோரி, நடுத்தர உழைப்பாயின் 2130, கடும் உழைப்பாயின் 2720. 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு இவை முறையே 2110, 2710, 3470. கருவுற்ற பெண்ணுக்கு 350 கலோரியும், பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதங்களில் 600 கலோரியும் கூடுதலாக வேண்டும்.

இக்கணக்கைச் சற்றே கூட்டிப் பாருங்கள். உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டும் பாலூட்டும் தாய்க்கு 2260 கலோரி தேவை. அவ்வாறே உட்கார்ந்து பணிபுரியும் கணவனின் தேவையினும் இது மிகுதி! ஆனால் அனைவரும் உண்டபின் சட்டியில் எஞ்சியதை உண்பவள் பெரும்பாலும் அவளே.

“குறைவாக உண்டு பழகிவிட்டது” என்று சிலர் மனநிறைவு கொள்வர். உணவு குறைந்தால் உடல் தன் தசையையே கரைத்துக்கொள்ளும். அடுப்பின் சூட்டையும் தணித்துக்கொள்ளும். சோர்வும் மெலிவும் அதன் விளைவுகளே. இதனைப் பழக்கம் என்று கூறி அமைதி கொள்ளலாகாது.

செலவு மிகாமல் இக்குறையை நீக்க வழியுண்டு. 100 கிராம் அரிசியும், அதே அளவு கம்பும் ஏறத்தாழ 350 கலோரி தரும். நிலக்கடலையோ 500-க்கு மேல் தரும். வெறும் கஞ்சியோடு வேலைக்குச் செல்பவள், கம்பங்கூழும் ஒரு பிடி வறுகடலையும் சேர்த்துக்கொள்ளட்டும். பருப்பும் கீரையும் உடனிருப்பின் மேலும் நன்று. மறுபுறம், உடலுழைப்பின்றி எண்ணெய்ப் பலகாரங்களை விரும்பி உண்போர் ஒன்றை மறவாதிருப்பார்களாக: 10 கிராம் எண்ணெயிலேயே 90 கலோரி அடங்கியுள்ளது.

தவக்காலத்திலும் கவனம் தேவை. நோயுற்றோரையும் பாலூட்டும் தாய்மாரையும் ஒருசந்திக்கு வற்புறுத்துவது திருச்சபையின் வழக்கமன்று.

இல்லத்தலைவர்களே! திங்கள்தோறும் உங்கள் மனைவியரின் எடையைப் பாருங்கள். 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண் 42 கிலோவுக்குக் குறைந்தால், அவள் மெலிந்தவள் என்றே கொள்ளவேண்டும். அப்போது மருத்துவரை நாடுங்கள். அதற்கு முன்பே, அனைவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணத் தொடங்குங்கள்.