வேம்பு எவர் உடைமை?



வேப்பெண்ணெய் கொண்டு பயிர்ப் பூஞ்சையை அடக்கும் முறை தம் கண்டுபிடிப்பே என்று அமெரிக்க அரசின் வேளாண்துறையும் கிரேசு என்னும் வணிக நிறுவனமும் உரிமை கோரின. 1994-இல் ஐரோப்பியக் காப்புரிமையகம் அவ்வுரிமையை வழங்கியும் விட்டது. வேம்படியிற் பிறந்து, அம்மை கண்ட வீட்டு வாயிலில் வேப்பந்தழை செருகி வாழும் மக்களை நோக்கி 'இஃது எமது' என்ற துணிவை என்னென்பது!

1995-இல் வந்தனா சிவாவும், அவரொடு ஐரோப்பியர் சிலரும் எதிர்வழக்கிட்டனர். 2000 மே 10-இல் மூனிக்கு நகரில் அவ்வுரிமை நீக்கப்பட்டது. மேன்முறையீடும் 2005 மார்ச்சு 8-இல் தள்ளுண்டது. அங்கு வென்றது வெறும் முழக்கமன்று. இந்தியாவில் அம்முறை முன்னரே கையாளப்பட்டதென்று நிறுவிய சான்றுகளே வென்றன.

நம்மிடம் அத்தகு சான்று எவ்வளவு உளது? காவாந்தண்டலம் முதலாய உத்திரமேரூர் வட்டாரத்து ஊர்களில் எழுத்து வடிவில் என்ன உளது?

கதிர் வெளிவரும் வேளையில் மேலிலையுறை அழுகிக் கதிர் பாதி உள்ளேயே சிக்கிப் பதராகும். இலையுறை அழுகல் என்பது இதுவே. இதற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 5 விழுக்காட்டு வேப்பங்கொட்டைச் சாற்றையோ 3 விழுக்காட்டு வேப்பெண்ணெயையோ பரிந்துரைக்கிறது. கதிர் உறைக்குள் இருக்கும்போது ஒருமுறையும், 15 நாள் கழித்து மறுமுறையும் தெளித்தல் வேண்டும். ஏரிக்கரையில் மண்டிய நெய்வேலிக் காட்டாமணக்கும், நாம் நாளும் வசைபாடும் சீமைக்கருவேலுங்கூட இதற்கு உதவும்; எக்டேருக்கு 25 கிலோ இலைத்தூளின் சாறு போதும்.

வேப்பங்கொட்டைப் பருப்பு 5 கிலோவை இடித்து, இரவு முழுதும் நீரில் ஊறவிட்டுத் துணியில் வடித்து, 100 இலிட்டராக்குக. இலையில் ஒட்டுதற்குச் சிறிது வழலைக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்க. எட்டுத் திங்களுக்கு மேற்பட்ட பழங்கொட்டை ஆகாது.

வேம்பு எல்லாம் தீர்க்கும் என்று மேடையில் முழங்குவாரோடு நமக்கு உடன்பாடில்லை. யூரியாவை அள்ளிக் கொட்டிக் குலைநோயைத் தாமே வரவழைத்துக்கொண்டு, பின் வேம்பைப் பழிப்பாரோடும் உடன்பாடில்லை.

அன்பர்கள் இந்நெற்பருவத்திலேயே தத்தம் ஊர் முதியோரை அணுகுக. நோய்க்கு அவ்வூரார் இட்ட பெயர், கையாளும் தழை, அளவு, தெளித்த நாள், கண்ட விளைவு ஆகியவற்றை ஊர்ப்பெயரோடும் நாளோடும் எழுதுக. பயனளிக்காதவற்றையும் மறையாது எழுதுக. ஒருபடியை ஊர்ப் பள்ளியில் வைத்து, மறுபடியை நமக்கு விடுக்க. அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுவோம்.