யார் உப்பை யார் தின்றது?

“வேலை செய்த இடத்தைப் பற்றி வெளியில் பேசாதே. வழக்குப் போடுவார்கள், பிள்ளைக்கும் வேலை கிடைக்காது. உப்பிட்டவரை மறக்கலாமா?” மாவனல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் சர்விஸ் காசுக்குக் காத்திருப்பவர்களுக்கு எங்கள் பெரியவர்கள் சிலர் ஓதும் மந்திரம் இது. அண்மையில் ஒருவர் இதை மேடையேறியே ஓதிவிட்டார், கைதட்டலும் வாங்கினார்.

முதலில் அந்த உப்பைப் பார்ப்போம். இருட்டோடு எழுந்து பால் வெட்டப் போகும் பெண்ணின் சம்பளத்தில் 100 ரூபாய்க்கு 8 ரூபாய் சேமலாப நிதிக்கென்று பிடிக்கிறார்கள். அதோடு நிர்வாகம் தன் பங்காக 12 ரூபாய் சேர்த்து அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும் என்பது 1958ஆம் ஆண்டுச் சட்டம். சம்பளத் துண்டில் கழிவு இருந்து, நிதியத்தில் பணம் இல்லையென்றால் யார் உப்பை யார் தின்றது?

சர்விஸ் காசும் பிச்சையல்ல. 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்கூலிக்காரருக்கு ஒரு வருடச் சேவைக்கு 14 நாள் சம்பளம். நாளுக்கு 1,350 ரூபாய் என்று வைத்தால் 30 வருடத்துக்கு 567,000 ரூபாய். வேலை முடிந்து 30 நாளுக்குள் கைக்கு வர வேண்டிய பணம் அது.

அடுத்தது வழக்குப் பூச்சாண்டி. அவதூறைக் குற்றமாக்கிய சட்டம் 2002இலேயே நீக்கப்பட்டது. சிவில் வழக்கு இருக்கிறது, மறுக்கவில்லை. அங்கே உண்மை மட்டும் போதாது, பொதுநலனும் வேண்டும் என்பார்கள். உழைத்தவர்களின் முதுமைக்காலப் பணம் பொதுநலன் இல்லையென்றால் வேறு எது? “தொரை கள்ளன்” என்று கத்தினால் வம்புதான். “இன்ன திகதியோடு சேவை முடிந்தது, இவ்வளவு காசு வரவில்லை” என்றால் அது கணக்கு. இந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் வாயையே கட்டச் சொல்கிறார்.

உண்மையான ஆபத்து ஒன்று இருக்கிறது. அதை மட்டும் அவர் வசதியாக மறந்துவிட்டார். தோட்டத்தில் ‘முன்னாள்’ முதலாளி என்று ஒருவர் இல்லை. பேர் போடுவது நின்றாலும் குடியிருக்கும் லயம் தோட்டத்துடையது, மகன் வேலை செய்வதும் அதே செக்ரோலில். ஆகவே தனியாளாகப் பேசுவது ஆபத்துத்தான். அதற்கு மருந்து பத்துப் பேராக, சங்கத்தோடு பேசுவது. வாயை மூடிக்கொள்வதல்ல.

பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் தேட வேண்டியதில்லை. ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகியவற்றின் தோட்டங்களில் சேமலாப நிதியும் பணிக்கொடையும் வருடக்கணக்காக நிலுவையில் கிடந்தன. அது நாட்டுக்குத் தெரிய வந்தது தொழிலாளரின் அடக்கத்தாலா? வெளியே சொன்னதால், பாராளுமன்றம் வரை பேசப்பட்டதால். பேசினால் வரும் நட்டத்தை விரல்விட்டு எண்ணும் பெரியவர், பேசாததால் போன காசை ஒருமுறையாவது கூட்டிப் பார்க்கட்டும்.

காத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சம்பளத் துண்டுகளை எறியாதீர்கள். கேகாலை தொழில் அலுவலகத்துக்குச் சேர்ந்தே போங்கள், முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள். உங்கள் கைப்பிரதியில் திகதி முத்திரை விழாமல் வீடு திரும்பாதீர்கள்.