கைப்பணிப் பக்கம்: அட்டையில் ஒரு சீமெந்து மேடை



பாடசாலைக் கண்காட்சி நெருங்கினால், எல்லைக்கு அருகிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தையோ ஒரு புகையிரத நிலையத்தையோ செய்ய நம் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். வெளியில் காசு கொடுத்துச் செய்விப்பதற்காக ஒரு நாள் சம்பளத்தையே செலவிடும் தாய்மாரை நான் அறிவேன். அது தேவையில்லை. நான் பார்த்த மாதிரியுருக்கள் பலவற்றில் ரயில் அழகாகவே இருக்கும். ஆனால் மேடையும் நடைபாதையும் வெறும் சாம்பல் நிறத் தாளாகக் கிடக்கும். தரை சரியாக அமைந்தால் தீப்பெட்டியில் செய்த ரயிலும் உண்மைபோலத் தோன்றும்.

முதலில் அளவு. ஒரு மீற்றரை ஒரு சென்ரிமீற்றராக வைத்துக்கொள்ளுங்கள். நமது ரயில் பாதையின் அகலம் 5 அடி 6 அங்குலம். மாதிரியில் அது ஏறக்குறைய 1.7 சென்ரிமீற்றர். மனித உருவம் ஒன்றரைச் சென்ரிமீற்றருக்குச் சற்று அதிகம். நிலையத்துக்குப் போகும்போது படி, மேடை ஆகியவற்றைப் பிள்ளை காலடியால் அளந்து குறித்து வரட்டும். தண்டவாளத்தில் இறங்க விடாதீர்கள்.

தடித்த காட்போட் அட்டையை மேடை அளவுக்கு வெட்டுங்கள். அட்டை வளையாமல் இருக்க இரு பக்கமும் தாள் ஒட்டுங்கள். பைண்டர் கம்முடன் சோக்குத்தூளைக் குழைத்து மெல்லியதாகப் பூசிக் காயவிடுங்கள். உண்மைச் சீமெந்தைப் பயன்படுத்த வேண்டாம். அது பிள்ளைகளின் கைத்தோலைப் புண்ணாக்கும், பாரமும் அதிகம். காய்ந்ததும் அரத்தாளால் லேசாகத் தேய்த்து, மை தீர்ந்த பேனையால் 3 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு கீறுங்கள். கொங்கிறீட் காயும்போது சுருங்கும், வெயிலில் விரியும். கண்ட இடத்தில் வெடிக்காமல் இருக்கவே மேசன்மார் இடைவெளி விடுகிறார்கள். அந்தக் கோடுகள் இல்லாவிட்டால் தரை தரையாகத் தெரியாது.

வெள்ளையில் சிறிது கறுப்பையும், அதைவிடக் குறைவாக மண்ணிறத்தையும் கலந்தால் சீமெந்து நிறம் வரும். காய்ந்தபின் நிறம் மாறும் என்பதால் ஒரு துண்டில் பூசிப் பாருங்கள்.

இனித்தான் நம் மலைநாட்டு வேலை. கடும் சாயத்தண்ணியைச் சீனி போடாமல் ஆறவைத்து, தூரிகையால் கோடுகளிலும் மூலைகளிலும் விடுங்கள். சீனி கலந்தால் எறும்பு வரும். கூரைத் தண்ணீர் விழும் இடத்திலும் சுவரின் அடியிலும் சிறிது பச்சை தொடுங்கள். பட்டிப்பொல நிலையம் 6200 அடிக்கு மேல் இருக்கிறது. அப்படிப்பட்ட ஈரமான இடத்தில் பாசி இல்லாத சுவர் ஏது? ஆட்கள் நடக்கும் நடுப்பகுதி மட்டும் வெளிறியிருக்கட்டும். பாவித்த தேயிலைத் தூளை நன்றாகக் காயவைத்து ஒட்டினால் பாதையோர மண் தயார். ஈரத்தோடு ஒட்டினால் பூஞ்சணம் பிடிக்கும்.

மேடைக்கு அப்பால் ஒரு லயத்தையும் வைக்கச் சொல்லுங்கள். சில பிள்ளைகள் வெட்கப்பட்டு அதை விட்டுவிடுகிறார்கள். ஹட்டனுக்கு 1884 இலும் நானுஓயாவுக்கு 1885 இலும் ரயில் வந்தது. மலையில் விளைந்ததைக் கொழும்புக்குக் கொண்டுசெல்லவே அந்தப் பாதை வந்தது. அதில் போன தேயிலையைப் பறித்த கைகள் லயத்தில்தான் இருந்தன. லயம் இல்லாத மலைநாட்டு நிலையம் பாதிக் கதைதான்.

லயத்து வாசலைச் செய்யும்போது ஒரே நிறம் பூசாதீர்கள். வெவ்வேறு காலத்தில் ஒட்டுப்போட்ட சீமெந்து வெவ்வேறு நிறமாக இருக்கும். முன்னால் ஓடும் கானையும், துணி கழுவித் தேய்ந்த கல்லையும் பிள்ளை தினமும் பார்க்கிறது. வெளியில் செய்விக்கும் மாதிரியில் அவை கிடைக்கா.

ஆண்பிள்ளை வேலை என்று எண்ணி மகளை ஒதுக்காதீர்கள். நீங்கள் பக்கத்தில் இருந்து வெட்டிக் கொடுங்கள்; பூசுவது பிள்ளையாகட்டும். கண்காட்சியில் ஆசிரியர், “இந்தக் கோடு எதற்கு?” என்று கேட்டால், தன் கையால் செய்த பிள்ளை தடுமாறாமல் பதில் சொல்லும்.