பட்டாளத்து வீட்டுக்கு அரசு ஜாமீன் நிற்கட்டும்

பதினெட்டு, பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேரும் ஒரு சிப்பாய் 15 ஆண்டுகளை முடித்தால்தான் ஓய்வூதியத்துக்குத் தகுதி பெறுகிறார். அதற்குப் பிறகு சில ஆண்டுகளில், நாற்பது வயதுக்கு முன்பே பெரும்பாலோர் ஊர் திரும்பிவிடுகிறார்கள். புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூர் வட்டத்துக் கிராமம் ஒன்றுக்கு அப்படித் திரும்புபவருக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள், பெற்றோர் முதுமையில் இருப்பார்கள், வீடு இனிமேல்தான் கட்டவேண்டியிருக்கும். அந்த வீட்டுக்கான பணம் பெரும்பாலும் கிராஜுவிட்டியிலிருந்தும் கம்யூட்டேஷனிலிருந்தும் வருகிறது. கம்யூட்டேஷன் என்பது ஓய்வூதியத்தில் பாதி வரை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்வது. மாதம் 20,000 ரூபாய் ஓய்வூதியத்தில் பாதியை விட்டுக்கொடுப்பவருக்கு, அந்த வயதில் ஓராண்டுத் தொகையின் ஏறத்தாழ 9 மடங்கு, அதாவது சுமார் 10 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் கைக்கு வரும். அதற்கு ஈடாக மாதம் 10,000 ரூபாய் வீதம் 15 ஆண்டுகளுக்குப் பிடித்தம், மொத்தம் 18 லட்சம். தன் பிற்கால வருமானத்தை விற்றுத்தான் அவர் சுவர் எழுப்புகிறார். கூரை போடப் பணம் போதாமல் வங்கிக்குப் போனால், பிடித்தம் போக மிஞ்சிய ஓய்வூதியத்தைப் பார்த்தே கடன் தொகை முடிவாகிறது.

இந்த இடத்தில் அரசு என்ன செய்கிறது? முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய அமைப்பான கேந்திரிய சைனிக் போர்டு மூலம் வீட்டுக்கடன் வட்டியில் பாதியை ஈடுசெய்யும் திட்டம் ஒன்று இருக்கிறது. அது போரில் உயிரிழந்தோர் குடும்பங்களுக்கும், போரில் ஊனமுற்றோருக்கும், அமைதிக்காலத்தில் பணியின் காரணமாக உயிரிழந்தோர் அல்லது ஊனமுற்றோர் குடும்பங்களுக்கும் உரியது. உச்சவரம்பு ஒரு லட்சம் ரூபாய். 20 லட்சம் ரூபாய்க் கடனை எட்டரை சதவீத வட்டியில் 20 ஆண்டுகளில் அடைத்தால் வட்டி மட்டும் 21 லட்சத்தைத் தாண்டும். பாதி என்று சொன்ன சலுகை, உச்சவரம்பால் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாமல் போகிறது. காயமின்றி 17 ஆண்டுகள் எல்லையில் நின்று திரும்பியவருக்கோ இந்தத் திட்டத்தில் இடமே இல்லை. தமிழக அரசின் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டம் முன்னாள் படைவீரர்கள் தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 30 சதவீத மூலதன மானியமும் 3 சதவீத வட்டி மானியமும் தருகிறது. வரவேற்க வேண்டிய திட்டம். ஆனால், கையிலிருந்த பணமெல்லாம் வீட்டில் முடங்கிவிட்டால், தொழிலுக்குத் தன் பங்காகப் போட அவரிடம் என்ன இருக்கும்?

என் வாதம் இதுதான்: முன்னாள் படைவீரரின் வீட்டுக்கடனுக்கு அரசே ஜாமீன் நிற்க வேண்டும். அமெரிக்கா 1944-ல் இதைச் செய்தது. அந்த ஆண்டு ஜூன் 22-ல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, கடனை வங்கி கொடுத்தது. அதில் ஒரு பகுதிக்கு அரசு பொறுப்பேற்றது. இன்று அங்கே படைவீரர் பெரும்பாலும் முன்பணமே இல்லாமல் வீடு வாங்க முடிகிறது. கடன் வாங்குபவர்கள் ஒருமுறை செலுத்தும் கட்டணம் வராக்கடன் செலவைத் தாங்க உதவுகிறது. பணியில் ஊனமுற்று இழப்பீடு பெறுவோருக்கு அந்தக் கட்டணமும் கிடையாது. ஜாமீன் என்பது நமக்கும் புதிதல்ல. சிறு, குறு தொழில்களுக்குச் சொத்துப் பிணை கேட்காமல் வங்கிகள் கடன் தரவேண்டும் என்று 2000-லிருந்தே கடன் உத்தரவாத நிதி இயங்குகிறது.

ஓய்வூதியம், கேன்டீன், மருத்துவம் எல்லாம் இருப்பவருக்கு இன்னும் எதற்குச் சலுகை, பக்கத்து வீட்டு விவசாயக் கூலிக்கு இவற்றில் ஒன்றுமில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கூலித் தொழிலாளிக்குக் கலைஞரின் கனவு இல்லம் போல முழு மானிய வீடு வேண்டும். அந்த நிதியில் ஒரு ரூபாயைக்கூடப் படைவீரருக்குத் திருப்பச் சொல்லவில்லை. ஜாமீனுக்கு அரசு இன்று பணம் எடுத்து வைக்க வேண்டியது மிகக் குறைவு. கடன் திரும்பி வராமல் போனால்தான் செலவு. மாதாமாதம் அரசுக் கருவூலத்திலிருந்தே வரும் ஓய்வூதியத்தைவிட உறுதியான வருமானம் எது? வங்கிகள்தான் ஏற்கெனவே படைவீரர்களுக்குக் கடன் தருகின்றனவே என்றும் சொல்லலாம். தருகின்றன, ஆனால் நகரத்து அடுக்குமாடிக்குத் தருவது போலக் கிராமத்து மனைக்குத் தருவதில்லை.

குளத்தூரில் சிக்கல் இறுகுவது இங்கேதான். மனை தாத்தா பெயரில் இருக்கும், அண்ணன் தம்பிகள் பெயரெல்லாம் சேர்ந்த கூட்டுப் பட்டாவாக இருக்கும், உட்பிரிவு ஆகியிருக்காது. மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் வங்கி வக்கீல் ஒப்புதல் தருவார். விவசாய நிலமாகவே பதிவில் நீடித்தால், வராக்கடனுக்காகச் சொத்தைக் கையகப்படுத்தும் 2002-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குச் செல்லாது என்பதால் வங்கி தயங்கும். ஜாமீன் மட்டும் போதாது என்பதையே அமெரிக்காவின் கசப்பான பாடமும் சொல்கிறது: கடன் தரும் முடிவை உள்ளூர் வங்கிகளிடம் விட்டதால், கறுப்பினப் படைவீரர்கள் பலர் சட்டம் இருந்தும் வீடு பெறவில்லை. ஜாமீன் கடைசி கிராமத்தை எட்ட வேண்டுமானால், புதுக்கோட்டையிலுள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நலன் அலுவலகமும் வருவாய்த் துறையும் சேர்ந்து, ஓய்வு பெறுவதற்கு ஓராண்டு முன்பே உட்பிரிவுப் பட்டாவை முடித்துத் தரவேண்டும். வட்டத் தலைமையிடமான கீரனூருக்கும் புதுக்கோட்டைக்கும் மனைவியை அலையவிட்டுவிட்டு ஒருவர் நிம்மதியாக எல்லையில் நிற்க முடியாது.

அந்த மனைவியை நினைத்தே திட்டம் வகுக்கப்பட வேண்டும். கணவரின் ஓய்வூதியத்தை நம்பிப் போட்ட தவணை, அவர் மறைந்த பின்னும் அதே அளவில் நிற்கும். தொடக்க ஆண்டுகள் கழிந்ததும் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசி ஊதியத்தில் 30 சதவீதமாகக் குறைந்துவிடும். ஆகவே ஜாமீனோடு கடன் காப்பீடும் கட்டாயமாக வேண்டும். 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கே ஆண்டுகளில் வெளியேறும் இளைஞர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. அவர்களையும் இதில் சேர்க்க வேண்டும். டிசம்பர் 7 கொடிநாளன்று உண்டியலில் காசு போடுகிற நாம், நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் இந்த ஒரு கோரிக்கையையும் வைப்போம்: படைவீரரின் வீட்டுக்கடனுக்கு அரசு கையெழுத்துப் போடட்டும்.