ரசீது இருக்கிறது, அனுமதி?

புனேயில் பழைய பங்களா விலைக்கு வந்தால் பெரும்பாலும் பின்பக்கம் ஒரு கூடுதல் அறையோ மாடியில் தகரக் கூரை ஹாலோ ஒட்டிக்கொண்டு வருகிறது. அனுமதி உண்டா என்று கேட்டால் விற்பவர் நீட்டுவது சொத்துவரி ரசீதை. "இருபது வருஷமாகக் கட்டுகிறோம், சார்."

கட்டியிருக்கலாம். ஆனால் மகாராஷ்டிராவில் அனுமதியற்ற கட்டடத்துக்கும் மாநகராட்சி வரி வாங்கும். சட்டத்தின் 267ஏ பிரிவின்படி மேலே தண்டமும் போடும். அதனால் கட்டடம் முறையானதாகிவிடாது. ரசீதில் தண்டம் இருந்தால், அதுவே வாக்குமூலம். பக்கத்திலுள்ள பிம்ப்ரி-சிஞ்ச்வடில் 'சாஸ்தி கர்' என்று பெயர் பெற்ற இந்தத் தண்டம் பெரிய அரசியல் பிரச்சினையாகி, 2023இல் மாநில அரசு அதைத் தள்ளுபடி செய்தது. தள்ளுபடியானது தண்டம் மட்டும்தான்.

பழைய கட்டடம் என்ற வாதமும் எடுபடாது. மீரட் வழக்கொன்றில் 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம், வருடங்கள் ஓடியதாலோ அதிகாரிகள் சும்மா இருந்ததாலோ விதிமீறல் சட்டபூர்வமாகாது என்றது. பணிநிறைவுச் சான்றிதழைச் சரிபார்த்த பிறகே வங்கிகள் கடன் தர வேண்டும் என்றும் சொன்னது. வீட்டுக் கடனை நம்பி வருபவர்களுக்கு இது முக்கியம்.

எனவே கேட்க வேண்டியது மாநகராட்சி அங்கீகரித்த வரைபடம், பணிநிறைவுச் சான்றிதழ் இரண்டையும். கையில் ஒரு டேப்புடன் போவது உத்தமம். மனையில் கட்டுமான அளவு மீதமிருந்தால் அபராதம் கட்டி முறைப்படுத்த வழியுண்டு. மதிலை ஒட்டிக் காலியாக விட வேண்டிய இடத்தில் எழும்பிய அறைக்கு அந்த வாய்ப்பு குறைவு. எதுவானாலும் விற்பவர் பெயரில், பத்திரப் பதிவுக்கு முன்பே முடிய வேண்டும். அதற்குப் பிறகு வரும் நோட்டீஸ் புதிய உரிமையாளருக்கு.